மார்கழியில் சீக்காளிக் காத்து

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஓட்டியது நான்.

என் பக்கத்தில் கங்காணி. தேவாரம் ஊர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வாயில் எந்நேரமும் பீடி.

பின்னால் பலகையில் கிடந்தது முத்தையா. ஊர் ராசிங்காபுரம். தோட்டத்தில் விறகு வெட்டுகிறவன்.

அவன் தலையை மடியில் வைத்திருந்தது அவன் பெண்சாதி பேச்சி.

அவன் காலைப் பிடித்திருந்தது தோட்டத்துக் கம்பவுண்டர். மலையாளத்துக்காரர்.

வேறு யாரும் இல்லை. ஸ்டெப்னிகூட இல்லை. அது மலைக்குக் கீழே போடியில் ஒட்டுப் போடும் கடையில் கிடந்தது.

இப்போது மலைக்கு வண்டி ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். குளிர்காலத்தில் டயரில் எவ்வளவு காற்று வைப்பது? ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். எண் வண்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில் பார்த்த காற்று, யாருக்காகக் குறைத்த காற்று என்பதெல்லாம் அதில் இல்லை. அதற்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் டிரைவர். பட்டாளத்தில் ஓடிக் கழித்துப்போட்ட ஜீப்பு. மழைக்குத் தார்ப்பாய், குளிருக்கு ஒன்றும் கிடையாது.

மார்கழி மாதம். காய் பறிப்பு முடிகிற சமயம். காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். உள்ளே இரும்புக் குழாயில் விறகுச் சூடு ஓடும். சூடு நிற்கக்கூடாது. நின்றால் காயின் பச்சை போய்விடும். அன்றைக்கு விடியும்போது விறகு குறைந்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் முத்தையா கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். சரிவில் பட்டுப்போன மரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதைத் துண்டு போடும்போது அடித்துண்டு உருண்டது. பனியில் தரை வழுக்கல். அவனால் விலக முடியவில்லை. துண்டு தொடைமேல் ஏறி இறங்கிப் போனது.

கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் காய் பரப்பும் தட்டை உடைத்து இரண்டு சட்டம் எடுத்தார். காலின் இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார். பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"தொடை எல்லு ஒடிஞ்சு போச்சு டிரைவரே. உள்ளில ரத்தம் எறங்குது. பாதம் தணுத்திருக்கு. அது பனிக்கா, ரத்தம் ஓடாததுக்கா, எனக்கு அறியில்ல."

"எத்தனை மணி நேரம் இருக்கு?"

"மூணு. அதுக்குள்ள போடி ஆசுபத்திரி. அல்லெங்கில் கால் இல்லை. அதையும் தாண்டினா ஆளும் இல்லை."

பேச்சி அழவில்லை. தலைத்துணியை அவிழ்த்து அவன் காலில் சுற்றினாள்.

ஜீப்பின் பின்கதவை இறக்கிப் பலகை போட்டோம். அவனைத் தூக்கி வைக்கும்போது கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்டோருக்குள் காய் புரட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

தோட்டத்து டிரைவர்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியோ, கை கால் ஒடிந்தவரோ, யாரை ஏற்றினாலும் நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்குவோம். கல்லில் ஏறும்போது டயர் அமுங்கிக் கொடுக்கும். உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாது. சீக்காளிக் காத்து என்று அதற்குப் பெயர். அளந்து பார்க்க கேஜ் யாரிடமும் இல்லை. ஒருவன் வால்வை அமுக்கிப் பிடிப்பான். இன்னொருவன் பீடி பற்ற வைப்பான். பீடி பற்றியதும் வால்வை விட்டுவிட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு ஒரு பற்றவைப்பு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. ஐந்தாறு முறை நானே செய்திருக்கிறேன். ஒரு கோளாறும் வந்ததில்லை.

முதல் சக்கரத்தில் குனிந்து ஆணியால் வால்வை அமுக்கினேன். கங்காணி பீடியை வாயில் வைத்துக் குச்சியை உரசினார். பற்றவில்லை. இன்னொன்று உரசினார். அதன் மருந்து உதிர்ந்து விழுந்தது.

"என்ன மாமா, பத்தலையா?"

"குச்சி நமத்துக் கெடக்கு மாப்ளே. பனியில்ல. பொறு."

நான் பொறுத்தேன். காற்று போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. நாலு சக்கரத்துக்கும் அதே கதைதான். கடைசிச் சக்கரத்தில் பேச்சி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னுங் கொஞ்சம் விடுங்கண்ணே. அவுக தாங்கமாட்டாக."

இன்னும் கொஞ்சம் விட்டேன்.

என் தப்பு உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியவில்லை. முந்தின நாள் மத்தியானம் போடியில் காற்று அடித்திருந்தேன். வண்டி வெயிலில் ஓடிச் சூடாக நின்ற நேரம். சூட்டில் டயர் கல்லு மாதிரி இருந்தது, போதும் என்று நிறுத்திவிட்டேன். அந்தக் காற்றுதான் ராத்திரி முழுக்க மலைக் குளிரில் நின்றது. குளிர்ந்தால் காற்று சுருங்கும். காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுக்கும்போதே டயர் பக்கவாட்டில் பிதுங்கித்தான் இருந்தது. பார்த்தேன். பனிக்கு எல்லாமே சுருங்கித்தான் கிடக்கும் என்று விட்டுவிட்டேன். ஏற்கெனவே இறங்கியிருந்த காற்றில் இன்னும் இறக்கினேன். அதையும் நமத்த குச்சியால் அளந்தேன்.

தோட்டத்திலிருந்து மெட்டு வரை பெரிய இறக்கம் கிடையாது. வண்டி மெத்தை மாதிரி போனது. முத்தையா முனகினானே தவிரக் கத்தவில்லை.

"அலுங்காமப் போகுதுண்ணே. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள் பேச்சி.

எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைகளே, ஏற்றி வந்த ஆள் புகழ்ந்தால் உடனே கீழே இறங்கி டயரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

மெட்டில் சோதனைச் சாவடிக்காரர் சங்கிலியை இறக்கினார். போடிப் பக்கம் இறக்கம் தொடங்கியது. மூடுபனி. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ரோடு சரளைக் கல், ஈரம். முதல் வளைவில் வண்டியில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி ஒரு மூச்சு கழித்துத் திரும்பியது. மூன்றாவதில் பிரேக்கை மிதித்துத் திருப்பும்போது முன்பக்கம் இடது டயரிலிருந்து ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் வந்தது. வண்டியின் பின்பக்கம் வெளியே, பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று நின்றது. அதைப் பின்சக்கரம் தட்டியது.

மலைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். கங்காணி இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"என்னாச்சு மாப்ளே?"

நானும் இறங்கினேன். இடது டயரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வால்வு நேராக நிற்க வேண்டும். அது சாய்ந்து கிடந்தது. காற்று இல்லாத டயர் பிரேக்குக்கு ரிம்மில் நழுவியிருக்கிறது. உள்ளே இருக்கிற டியூபையும் இழுத்திருக்கிறது. இன்னும் இரண்டு விரல் இழுத்தால் வால்வு பிய்ந்துவிடும். பிய்ந்தால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போகும். அது வளைவில்தான் நடக்கும். மாற்ற ஸ்டெப்னி இல்லை.

அதைக் கங்காணியிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னும் பன்னெண்டு மைலு இருக்குமா? மெல்ல உருட்டிக்கிட்டே போயிரலாம்ல?"

"மெல்லப் போனாலும் பிரேக்கு மிதிக்கணும் மாமா. மிதிச்சா நழுவும்."

"அப்ப தூக்கிட்டு நடப்பமா?"

"நடந்தா மத்தியானம் ஆகும்" என்றார் கம்பவுண்டர் உள்ளேயிருந்து. "மத்தியானம் போய்ப் பிரயோசனம் இல்லை."

இருக்கையின் அடியில் கைப்பம்பு இருந்தது. அதை எடுத்தேன். பேச்சி பார்த்துவிட்டாள். வண்டியிலிருந்து குதித்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ணே. காத்தடிச்சா கல்லுல தூக்கித் தூக்கிப் போடும். எலும்பு உள்ள குத்தும். அவுக உசுரு போயிரும்ணே."

அவள் சொன்னது பொய் இல்லை. கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் குனிந்து சட்டத்தின் கட்டைச் சரி பார்த்தார். காற்று அடித்தால் அவனுக்கு வேதனை, உள்ளே ரத்தம் கூடலாம். அடிக்காவிட்டால் ஐந்து பேரும் பள்ளத்தில். இதைச் சொல்லுவது சுலபம். ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பம்பை வால்வில் மாட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

பலகையிலிருந்து முத்தையா பேசினான்.

"அண்ணே."

"என்னப்பா."

"அடிங்க. நான் கத்திக்கிறேன்."

பேச்சி என் கையை விட்டாள்.

எவ்வளவு அடிப்பது? இதுதான் நீங்கள் கேட்கிற கேள்வி. நானும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். முழுக்க அடிக்க நேரமில்லை. நாலு சக்கரம், ஒரு கைப்பம்பு. ஏற்கெனவே ஒரு மணி நேரம் போய்விட்டது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம்தான் விழும். திருப்புவதும் முன்சக்கரம். அதனால் முன்னால் இரண்டுக்கும் நல்ல காற்று. குதிகாலால் உதைத்தால் கால் திரும்பி வர வேண்டும், அந்த அளவு. அதற்கு மேல் வேண்டாம். கீழே இறங்க இறங்க பிரேக்குச் சூடும் வெயிலும் சேர்ந்து காற்றைப் பெருக்கும். முத்தையா கிடப்பது பின்சக்கரத்துக்கு மேலே. அங்கே பக்கவாட்டுப் பிதுக்கம் பாதி குறைகிற அளவுக்கு அடித்தால் போதும். அவனுக்குக் கொஞ்சம் மெத்தை மிஞ்சும்.

இது சரிதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இடது முன்சக்கரத்துக்கு நான் அடித்தேன். வலதுக்குக் கங்காணி. பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பீடியக் கொறைங்க மாமா."

"இன்னிக்கிப் பீடியப் பத்திப் பேசாத மாப்ளே."

பேச்சி அவர் கையிலிருந்து பம்பை வாங்கிக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். மிச்சத்தை அடித்தாள். பின்சக்கரம் இரண்டுக்கும் அவள்தான் அடித்தாள். தன் புருஷனைக் கல்லில் தூக்கிப் போடப்போகிற காற்று அது. நான் டயரைத் தொட்டுப் பார்த்து "போதும் தாயி" என்ற பிறகும் இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வால்வு சாஞ்சே கெடக்கே" என்றார் கங்காணி.

"கெடக்கட்டும். காத்து இருந்தா இனிமே நழுவாது."

கிளம்பும்போது கம்பவுண்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"டிரைவரே, அவன் கத்தினா பயப்படண்டா. கத்துறவனுக்கு போதம் உண்டு, நெனவு உண்டு. கத்தாமல் இருந்தா என்னைக் கூப்பிடணும். என் கண்ணு காலிலதான் இருக்கும்."

நான் திரும்பிப் பார்க்க முடியாது. மூடுபனியில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் முடிந்தது. இஞ்சின் சத்தத்தில் முனகல் கேட்காது. பேச்சியிடம் சொன்னேன்.

"நீ எண்ணிக்கிட்டு வா. அவன் கத்துற ஒவ்வொரு தடவையும் சத்தமா எண்ணு. எனக்குக் கேக்கணும்."

இரண்டாவது கியரில் இறக்கினேன். முதல் கல்லிலேயே கத்தினான்.

"ஒண்ணு" என்றாள் பேச்சி.

வண்டி சொன்னபடி திரும்பியது. நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு. பின்பக்கம் நகரவில்லை. அவன் கத்தினான். அவள் எண்ணினாள். அவள் குரலில் முதலில் நடுக்கம் இருந்தது. போகப் போக அது இல்லை. பத்து. பதினைந்து. கங்காணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எனக்குப் பொத்தக் கை இல்லை. ஒரு வளைவில் ஓடை ரோட்டை அறுத்திருந்தது. வேறு வழியில்லாமல் அதில் இறங்கி ஏறினேன். அங்கே மட்டும் அவள் ஐந்து எண்ணினாள்.

பாதி மலை இறங்கியதும் மூடுபனி மேலே நின்றுவிட்டது. கீழே வெயில். ரோடும் கொஞ்சம் நன்றாக இருந்தது. வேகம் கூட்டினேன். ஒரு பர்லாங்கு போயிருப்பேன். பின்னால் சத்தம் இல்லை. ரோடு நன்றாக இருப்பதால்தான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு பர்லாங்கு போனது.

"அண்ணே, கத்தலை" என்றாள்.

"கூப்பிட்டுப் பாரு."

"கூப்புட்டேன். கண்ணத் தொறக்கலை."

கம்பவுண்டர் அவன் கன்னத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நாடி உண்டு. போதம் உண்டோ, தெரியலை" என்றார்.

நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தினால் நேரம் போகும். நிறுத்தி என்ன செய்யப் போகிறோம்? ஆசுபத்திரி கீழேதான் இருக்கிறது. நிறுத்தாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. ரோட்டின் ஓரத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு கல் கிடந்தது. எல்லாக் கல்லையும் விலக்கி விலக்கி ஓட்டி வந்தவன் நான். அந்தக் கல்லின் மேல் பின்சக்கரத்தை நானே ஏற்றினேன்.

வண்டி தூக்கிப் போட்டது.

முத்தையா கத்தினான். கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டினான். என் ஆத்தாளையும் சேர்த்துத் திட்டினான்.

பேச்சி அந்த எண்ணைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"நல்லாத் திட்டுறா மருமகனே" என்றார் கங்காணி. "இன்னுந் திட்டு. திட்டு வாங்குறதுதான் டிரைவரு சோலி."

அதற்குப் பிறகு அவன் திட்டிக்கொண்டே வந்தான். போடி ஆசுபத்திரி வாசலில் நிறுத்தியபோது கம்பவுண்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நான் இறங்கி முன்டயரைத் தொட்டேன். கை வைக்க முடியாத சூடு. பிதுக்கம் ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருந்தது. முந்தின நாள் மத்தியானம் இந்தக் கல்லைத்தான் முழுக் காற்று என்று நம்பினேன்.

வால்வு சாய்ந்தபடியே இருந்தது. பிய்யவில்லை.

பிள்ளைகளே, மார்கழியிலும் தையிலும் காற்றை விடியலில் பாருங்கள். வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன்னால். கீழே வெயிலில் அடித்த காற்று மேலே அதே காற்று இல்லை. ஓடி வந்த சூட்டில் டயர் விறைப்பாக இருக்கிறது என்று இறக்காதீர்கள். காலையில் அது உங்களைக் கேட்கும். யாருக்காகக் குறைத்தாலும், எங்கே திரும்ப ஏற்றப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு குறையுங்கள். உங்களிடம் இப்போது கேஜ் இருக்கிறது. அதையும் நேரம் பார்த்து நம்புங்கள்.

இன்னொன்று. நாங்கள் திரும்பி மலை ஏறும்போது கங்காணி என்னிடம் சொன்னார்.

"பீடிக் கத, குச்சிக் கத எல்லாம் தொரைகிட்ட ஒளறாத மாப்ளே. ரோடு மோசம்னு சொல்லு. நம்பிருவாக."

தோட்டத்துத் துரையிடம் நான் அப்படித்தான் சொன்னேன். அவர் நம்பினார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் லோடு எடுக்கப் போடிக்கு இறங்கியபோது ஆசுபத்திரிக்குப் போனேன். முத்தையா காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். கால் போகவில்லை. டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டார். கொஞ்சம் குட்டையாக இருக்கும், மரம் வெட்டப் போக முடியாது என்று சொல்லியிருந்தார்கள். பிறகு அவனுக்கு ஸ்டோரிலேயே வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலை.

கட்டில் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். முந்தின நாள் சூட்டில் அடித்த காற்று, நமத்த குச்சி, சாய்ந்த வால்வு எல்லாம். முதலிலேயே காற்றைச் சரியாக வைத்திருந்தால் வழியில் அரைமணி நேரம் நின்றிருக்க வேண்டாம், அந்தக் கல் என் தப்புக்கு அவன் கொடுத்த விலை என்று சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்த எறக்கச் சொன்னது எம்பொஞ்சாதியும்தானண்ணே."

"நான் டிரைவரு. அவ இல்ல."

"அது சரி." பிறகு என்னைப் பார்த்தான். "ஒங்க ஆத்தாளத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீக."

பேச்சி கட்டிலின் கீழே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆசுபத்திரி வாசலில் அவள் கடைசியாகச் சொன்ன எண் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டச் சத்தத்தில் காதில் விழவில்லை. அதனால் கேட்டேன்.

"மொத்தம் எத்தனை தாயி?"

அவள் யோசிக்கவே இல்லை.

"நீங்க ஏத்துன கல்லையும் சேத்து எழுபத்து நாலு."